தேருக்கு வாங்கிய பைனாகுலர்

என் சித்தப்பா உயிரோடிருந்த காலத்தில் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம், எல்லை வேலியை ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளிப் போட்டதுதான். அதன்பிறகு அவரும் நாங்களும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் போகும்போது அந்த மனுசன் அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்றைச் செய்துவிட்டுப் போனார். எங்கள் ஊர் அம்மன் கோயில் தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது கண்ணை மூடினார். ஒரு மாதம் முந்திப் போயிருக்கலாம். அல்லது தேர் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கலாம். இரண்டும் இல்லை. அவருக்கு நாள் பார்க்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எங்கள் பக்கத்தில் பங்காளி செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கீரிமலைக்குப் போய்க் கடைசிக் கிரியையான அந்தியேட்டியைச் செய்து முடிக்கும்வரை கோயில் வீதியில் கால் வைக்கக்கூடாது. செத்தவரோடு நீ கதைத்தாயா, கோர்ட்டுக்குப் போனாயா என்றெல்லாம் துடக்கு கேட்காது. எனக்கும் துடக்கு, என்னைக் கட்டிய பாவத்துக்கு என் மனைவிக்கும் துடக்கு. கலியாணம் கட்டிப்போன எங்கள் மகளுக்கு மட்டும் இல்லை. அவள் இப்போது புருஷன் வீட்டுக் கணக்கு.

பிரச்சினையே அந்த மகள்தான். வெளிநாட்டில் இருக்கிறவள். அங்கே அவளுக்கு வயிற்றில் ஒரு பெரிய ஒப்பரேஷன் நடந்தபோது, என் மனைவி இங்கே அம்மன் வாசலில் விழுந்து கிடந்து, பிள்ளை எழும்பினால் தேர்நாளில் அவள் கையால் கற்பூரச்சட்டி எடுப்பிக்கிறேன் என்று நேர்த்தி வைத்துவிட்டாள். பிள்ளை எழும்பிவிட்டாள். ஆனால் விசா, லீவு, அது, இது என்று ஆறு வருசமாக வரமுடியவில்லை. இந்த வருசம்தான் வந்தாள். வந்த அன்று இரவு முறைப்படி அளவெட்டியில் மாமியார் வீட்டில் தங்கினாள். விடிந்ததும் எங்களிடம் வர இருந்தாள். விடிய முன்னமே சித்தப்பாவின் செய்தி வந்துவிட்டது.

என் மனைவி அழவில்லை. போனை எடுத்தாள்.

"பிள்ளை, நீ இஞ்சை வராதை. நேர்த்திக்கு விரதம் பிடிக்கிறவள் துடக்கு வீட்டிலை கால் வைக்கக்கூடாது."

"அம்மா, படலையடியிலை நிண்டு ஒருக்காப் பாத்திட்டுப் போறனே."

"வேண்டாம். உன்னைக் கண்டால் நான் சும்மா நிக்கமாட்டன். ஓடிவந்து கட்டிப்பிடிச்சிடுவன். பிறகு எல்லாம் பிழைச்சுப் போம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சித்தப்பா பார்த்திருந்தால் எழும்பி வந்திருப்பார். "உங்கடை ஆக்களுக்கு இதுதானே வேலை. இருக்கேக்கையும் கரைச்சல், போகேக்கையும் கரைச்சல்."

நான் என்னவோ அந்த மனுசனுக்கு நஞ்சு கொடுத்தமாதிரி!

ஆறு வருசத்துக்குப் பிறகு வந்த பிள்ளை இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கிறாள், தாயும் மகளும் போனில் கதைக்கிறார்கள். இந்தக் கூத்தை எந்த ஊரில் போய்ச் சொல்ல? "தேர் முடிஞ்ச அடுத்த நாள் வருவாள்தானே, கொஞ்சம் பொறுமன்" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"வந்தால் என்ரை மகளைப் பாப்பன். நேர்த்தியை ஆர் பாக்கிறது? அம்மனிட்டைக் கெஞ்சிக் கேட்டது நான். அவள் தந்ததை நான் என்ரை கண்ணாலை பாக்கவேண்டாமே?"

கோயில் பொடியள் தேரைப் போனில் நேரலையாகப் போடுவார்கள், அதில் பார்க்கலாம் என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "போனுக்குள்ளை பாக்கிறதெண்டால் அவளை நான் ஆறு வருசமாப் பாத்தனான். காணும், போதும்."

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால், நடுவில் ஒரு வெங்காயத் தோட்டம், அதற்கு அப்பால் கோயிலின் மேற்கு வீதி. தேர் அந்த வீதியால்தான் திரும்பும். தேர் நன்றாகத் தெரியும். ஆட்கள்தான் எள்ளு எள்ளாகத் தெரிவார்கள். அந்த எள்ளுகளுக்குள் மகள் எது என்று பார்க்க வேண்டும். அப்படித்தான் இந்தப் பைனாகுலர் என்ற சனியன் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

எனக்குப் பைனாகுலரைப் பற்றித் தெரிந்ததெல்லாம், சண்டைக்காலத்தில் அதை வீட்டில் வைத்திருந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்பது மட்டும்தான். இப்போது டவுணில் றேடியோ, ரோச் லைற் விற்கிற கடையிலே கண்ணாடி அலுமாரிக்குள் கொலுவைத்திருக்கிறார்கள். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், வாய்க்கு மட்டும் எண்பது. அலுமாரியிலேயே பெரியதாக ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். முன்கண்ணாடி இரண்டும் பழுத்த மிளகாய்ச் சிவப்பு.

"ஐயா, இது இருபது மடங்கு. கீரிமலைக் கடற்கரையிலை நிண்டு பிடிச்சியளெண்டால் இந்தியா தெரியும்."

இந்தியாவைப் பார்த்து நான் என்ன செய்ய? ஆனால் இந்தியா தெரியுமென்றால் வெங்காயத் தோட்டத்துக்கு அப்பால் நிற்கிற மகள் தெரியமாட்டாளா என்று என் மூளை கணக்குப் போட்டது. கொடிகாமம் சந்தையில் பலாப்பழம் வாங்குகிற கணக்கு: பெரியதாக இருந்தால் நல்லதாக இருக்கும். விலையும் மலிவு. எட்டு மடங்குக்காரச் சின்னது ஒன்று பக்கத்தில் அதே விலைக்குக் கிடந்தது. அதே காசுக்கு இருபது கிடைக்கும்போது எந்த விசரன் எட்டை வாங்குவான்?

அந்த விசரன் நானாக இருந்திருக்கலாம் என்று பின்னேரமே விளங்கிவிட்டது. மாடியில் நின்று கோயிலைப் பிடித்தேன். கோபுரம் பேய் பிடித்தமாதிரி ஆடியது. மூச்சை அடக்கினேன், இன்னும் ஆடியது. கை கொஞ்சம் அசைந்தால் கோபுரம் போய்ப் பனைமரம் வந்தது, பனைமரம் போய் வெறும் வானம் வந்தது. சாமான் அம்மிக் குழவியின் கனம். இடக்கண்ணுக்கு ஒரு கோபுரம், வலக்கண்ணுக்கு இன்னொரு கோபுரம். முன்கண்ணாடி சிவப்பையெல்லாம் தன்னிலேயே வைத்துக்கொண்ட புண்ணியத்தில் எல்லாமே பச்சை பூத்துக் கிடந்தது.

மனைவி வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு கண்ணில் வெண்புரை வெட்டி வில்லை வைத்திருக்கிறது, மற்றக் கண்ணுக்கு இன்னும் முறை வரவில்லை. போதாததற்கு மூக்குக்கண்ணாடி வேறு.

"என்ன தெரியுது?" என்றேன்.

"காகத்தின்ரை கண் தெரியுது."

"கோயில்?"

"காகம் எங்கை இருக்கெண்டே தெரியேல்லை, இவருக்குக் கோயில்!"

அடுத்த நாள் அந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "வித்ததைத் திருப்பி எடுக்கிறேல்லை ஐயா" என்றார், சிரித்த முகத்தோடு. "இந்தியா தெரியேல்லையப்பா" என்றேன். "அண்டைக்கு மந்தாரம்போலை" என்றார். கோதாரி விழுவார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அம்மிக் குழவியாலேயே ஒரு போடு போட்டிருப்பேன். துடக்கோடு பொலிசுக்கும் போக வேண்டாமென்று திரும்பி வந்தேன்.

அன்றிரவு மனைவியின் தம்பி கனடாவிலிருந்து போன் எடுத்தான். அவன் அங்கே சனி ஞாயிறில் காட்டுக்குள் போய்க் குருவி பார்க்கிறவன். வேலை மினக்கெட்ட வேலை என்று இவ்வளவு நாளும் அவனைப் பகிடி பண்ணினவன் நான். இப்போது அவனுக்குக் காலம் வந்திருந்தது.

"அத்தான், இருபதை ஆர் உங்களை வாங்கச் சொன்னது? பெருப்பிக்கப் பெருப்பிக்கக் கை நடுக்கத்தையும் சேர்த்தெல்லோ பெருப்பிக்கும். பாக்கிற இடமும் சுருங்கிப்போம். கையிலை வைச்சுப் பாக்கிறதுக்கு எட்டே காணும்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் எப்ப என்னைக் கேட்டனீங்கள்?"

கேட்கவில்லைத்தான். அதற்காக அவன் அதைச் சொல்லிக்காட்ட வேண்டுமா? பிறகு அரைமணித்தியாலம் வகுப்பு எடுத்தான். அக்கா மூக்குக்கண்ணாடி போடுகிறபடியால் கண் வைக்கிற இடத்து ரப்பரை மடித்துவிட வேண்டுமாம். இரண்டு கண்ணும் இரண்டு விதமென்றால் வலக்கண் பக்கத்தில் தனியாகத் திருகி ஒத்துப்போகச் செய்ய ஒரு வளையம் இருக்க வேண்டுமாம். சிவப்புக் கண்ணாடியைத் தொடவே கூடாதாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தான் பாவிக்கிறதின் படத்தையும் விலையையும் அனுப்பினான். விலையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது.

"தம்பி, உந்தக் காசுக்கு நான் ஒரு கறவைமாடு வாங்கிப் பாலும் குடிப்பன். ஒருநாள் கூத்துக்கு மீசையை வழிக்கச் சொல்லுறீரோ?"

"அப்ப மீசையோடை இருங்கோ" என்றான். தமக்கையின் வாய் அப்படியே.

தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது மனைவியையே கூட்டிக்கொண்டு டவுணுக்குப் போனேன். கண் அவளுடையது, அவளே பார்த்து எடுக்கட்டும், பிறகு என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. இந்தமுறை வேறு கடை. பழைய கமராக் கடை. முதலாளி பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் மூன்று பைனாகுலரை மேசையில் வைத்தார். இந்தியா தெரியுமென்று அவர் சொல்லாததே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

மனைவியைக் கடைவாசலில் ஒரு ஸ்டூலில் இருத்தி, தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸைப் பார்க்கச் சொன்னேன். முதலாவது கனம். இரண்டாவதில் எதைப் பார்த்தாலும் ஓரத்தில் வானவில். மூன்றாவது எட்டு மடங்கு, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு.

"கறுப்பு வளையம்தான் தெரியுது" என்றாள்.

ரப்பரை மடித்துவிட்டேன். "இப்ப?"

"புகை."

வலக்கண்ணைப் பொத்தச் சொல்லி நடுவில் இருந்த சில்லைத் திருகினேன். பிறகு இடக்கண்ணைப் பொத்தச் சொல்லி வலக்கண் வளையத்தைத் திருகினேன். பொத்தச் சொன்ன கண்ணைத் திறந்தாள், திறக்கச் சொன்ன கண்ணைப் பொத்தினாள். என்னுடைய கல்யாண வாழ்க்கை முழுவதும் அந்த ஸ்டூலில் இருந்தது. தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். திடீரென்று அவள் முகம் மாறியது.

"கொ... டி... கா... மம். இஞ்சாருங்கோ, பஸ்ஸின்ரை போட் வாசிக்கேலும்! றைவர் வெத்திலை போடுறார். ஐயோ, ஒரு பக்கம் பல்லில்லை அவருக்கு!"

காசைக் கொடுக்கக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டேன். அப்போதுதான் அவள் பைனாகுலரை மடியில் வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "ஏனப்பா, இதாலை பாத்தால் கிட்டப் போனமாதிரித்தானே? துடக்கோடை அம்மனுக்குக் கிட்டப் போனதாகாதோ?"

எனக்கு விசர் பிடிக்காத குறை. ஒரு அம்மிக் குழவியை வாங்கி, கனடாக்காரனிடம் வகுப்புக் கேட்டு, வெயிலில் பஸ்ஸேறி வந்து, கடைக்காரர் பெட்டியையும் எடுத்து வைத்த பிறகு கேட்கிற கேள்வியா இது? "இதை வீட்டிலை கேட்டிருந்தால் என்ன?" என்று நடுக்கடையில் கத்திவிட்டேன். முதலாளி முதன்முறையாகப் பேப்பரைத் தாழ்த்தினார்.

"அக்கா, நீங்கள் இருக்கிற இடத்திலைதானே இருக்கிறியள். கிட்ட வாறது அவையெல்லோ."

அவள் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். நான் நாற்பது வருசம் சொன்ன எதற்கும் அவள் அவ்வளவு கெதியில் தலையாட்டியதில்லை.

தேர்நாள் நல்ல வெயில். மாடியில் கதிரை, குடை, போத்தல் தண்ணீர் எல்லாம் கொண்டுபோய் வைத்தேன். அவள் தலைக்கு முழுகி, துடக்குக்காரி என்பதால் விபூதிகூடப் பூசாமல், மாடிக் கட்டுச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, பைனாகுலரைக் கண்ணில் வைத்தவள் வைத்தவள்தான். அரோகரா கேட்டது. தேர் மெல்ல மேற்கு வீதிக்குத் திரும்பியது. அதற்குப் பின்னால் கற்பூரச்சட்டி எடுக்கிற பெண்கள், எல்லோரும் மஞ்சள் சீலை. ஒரு முழு வீதிக்கு மஞ்சள்.

"இதுக்குள்ளை எங்கை கண்டுபிடிக்கிறது?" என்று நான் முணுமுணுத்தேன்.

"பேசாமல் இருங்கோ." பைனாகுலரை மஞ்சள் மஞ்சளாக நகர்த்தினாள். பிறகு, "கண்டிட்டன்! கண்டிட்டன்! வலக்காலைக் கொஞ்சம் வெளியாலை வைச்சு நடக்கிறாள். சின்னனிலை இருந்தே அவளின்ரை நடை அதுதான்."

"ஒருக்காத் தாரும், நானும் பாக்கிறன்."

"பொறுங்கோ."

"வாங்கினவன் நானெல்லோ?"

"பொறுங்கோ எண்டு சொன்னனான்!"

பொறுத்தேன். வேறு என்ன செய்ய? அவள் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். மெலிந்துபோனாளாம். தலைமயிரை வெட்டிவிட்டாளாம், கள்ளி, போனில் கொண்டை போட்டுக்காட்டி ஏமாற்றியிருக்கிறாள். சட்டியில் நெருப்பு நன்றாக எரிகிறதாம். அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று நடுவில் தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். தேர் எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டது. தேர்ச்சில்லு மணலில் இறங்கிவிட்டதாக்கும். ஆண்கள் கட்டை போடுகிறதும் கத்துகிறதும் கேட்டது. தேர் நின்றால் பின்னால் வருகிற பெண்களும் நிற்க வேண்டும். உச்சிவெயில், வெறும் மணல், வெறுங்கால், கையில் நெருப்பு.

"கால் மாத்தி மாத்தி நிக்கிறாள்" என்றாள்.

"எல்லாருக்கும் சுடும்தானே."

"இவள் ஒப்பரேஷன் செய்த பிள்ளை." நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் பைனாகுலரைக் கண்ணோடு அழுத்திக்கொண்டு, மற்றக் கையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். தள்ளாடுகிற ஒருவரைத் தாங்கப் பிடிக்கிறமாதிரி. மாடிக் கட்டுக்கு வெளியே, வெறும் காற்றில், அந்தக் கை எதையோ தேடியது. பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கையைப் பார்த்தாள். பைனாகுலரைக் கழற்றி என் மடியில் போட்டாள். படியால் இறங்கினாள்.

"எங்கை போறீர்? துடக்கெல்லோ!"

"அது உங்கடை சித்தப்பாவின்ரை துடக்கு" என்று படியிலிருந்து குரல் வந்தது. "பெத்த வயித்துக்குத் துடக்கில்லை."

இத்தனை நாளும் படலையடிக்குக்கூடப் பிள்ளையை விடாதவள்! பத்து நாளாக என் உயிரை எடுத்தவள்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரம்தானா என்று எனக்கே தெரியவில்லை. முழங்கால் நோவோடு அந்தப் படியால் நான் இறங்கி முடிக்க அவள் வீதிக்கே போயிருப்பாள். பைனாகுலரை எடுத்துப் பிடித்தேன். ஒரே புகை. எல்லாம் அவளுடைய கண்ணுக்குத் திருகி வைத்தது. நடுச்சில்லைத் திருகினேன், வளையத்தைத் திருகினேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திருகினேன். வெங்காயத்தாள் தெரிந்தது. வரம்பு தெரிந்தது. தோட்டத்துக் கிணற்றடி தெரிந்தது. அங்கே அவள், தோட்டக்காரரின் வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு வரம்பால் நடந்தாள். தோட்டம் முடிகிற இடத்தில், வீதி மணலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். அதற்கு மேல் ஒரு அடிகூட வைக்கவில்லை. வீதியில் நின்ற யாரோ ஒருவர் கையை ஆட்டி ஏதோ சத்தம் போட்டார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. வாளியை இடுப்பில் வைத்துத் தண்ணீரை ஓங்கி வீசினாள். தண்ணீர் மணலில் விழுந்து பரவி, பெண்களின் காலடியெல்லாம் கறுத்து நனைந்தது. எங்கள் ஊரில் நேர்த்திக்காரரின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் தடுக்கமாட்டார்கள். கையை ஆட்டினவரும் கையை இறக்கிவிட்டார்.

மகள் முதலில் காலைத்தான் பார்த்தாள். பிறகு தண்ணீர் வந்த பக்கம் திரும்பினாள்.

தேர் அசைந்தது. அரோகரா எழும்பியது. முன்னால் நின்ற மஞ்சள் சீலைகள் எல்லாம் நடக்கத் தொடங்கிவிட்டன. மகள் நடக்கவில்லை. "நட பிள்ளை, நட" என்று நான் மாடியிலிருந்து கத்தினேன், யாருக்குக் கேட்கப்போகிறது என்ற புத்திகூட இல்லாமல். அவள் நெருப்புச் சட்டியோடு நின்றாள். இவள் வெறும் வாளியோடு நின்றாள். நான் கையை ஆடவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பைனாகுலரைப் பிடித்தேன். இரண்டு பேரும் ஒரே வட்டத்துக்குள் நின்றார்கள்.